காய்கறிச் சோறு குழைந்தால் விதையா குற்றவாளி?

கேள்வி: எங்கள் வயலில் விளைந்த சீரகச் சம்பா அரிசியில் காய்கறிச் சோறு செய்தால் களிபோலக் குழைந்துவிடுகிறது. கடையில் வாங்கும் பாஸ்மதியில் செய்தால் உதிரி உதிரியாக வருகிறது. குறை அரிசியிலா, சமைக்கும் முறையிலா? அடுத்த பட்டத்தில் இந்த ரகத்தை விட்டுவிடலாமா?

– ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்.

கேள்வி நான்கு வரிதான். ஆனால், அதோடு வந்த கடிதம் இரண்டு பக்கம். அந்தக் குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் நிலம். அதில் கால் ஏக்கரில் மட்டும் சீரகச் சம்பா, மீதியில் பி.பி.டி. 5204. சீரகச் சம்பா விதை நெல் திருவிழாவில் வாங்கிய 2 கிலோவில் இருந்து பெருகியது. திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் 'நெல்' ஜெயராமன் 2006-ல் தொடங்கிய திருவிழா அது. 2 கிலோ விதை வாங்கியவர், விளைந்த பிறகு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது அங்கே வழக்கம். அந்த நான்கு கிலோவையும் இந்தக் குடும்பம் திருப்பிக் கொடுத்துவிட்டது.

தை கடைசியில் அறுவடை. மாசியில் ஒரு மூட்டையை மில்லுக்குக் கொண்டுபோய்ப் பச்சரிசியாக அரைத்தார்கள். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள், பள்ளிக்கூடத்தில் தோழிகள் டிபன் பாக்ஸில் கொண்டுவரும் 'வெஜிடபிள் ரைஸ்' வேண்டும் என்று பல நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். சொந்த அரிசி வந்துவிட்டதே என்று அம்மா ஆசையோடு செய்தார். பாத்திரத்தைத் திறந்ததும் மகள் கேட்டது: "ஏம்மா, இன்னைக்குப் பொங்கலா?"

அடுத்த வாரமும் செய்து பார்த்தார். அப்போதும் அப்படியே. கணவர் சொல்லிவிட்டாராம்: "விளைச்சலும் கம்மி, பயிரும் சாயுது. சோறாக்கவும் லாயக்கில்லன்னா இந்த விதை எதுக்கு? வர்ற சம்பாவுக்கு மொத்தத்தையும் பி.பி.டி.யே போட்டுடலாம்." மாமியார் மட்டும் ஒரு வார்த்தை சொன்னாராம்: "புது நெல்லு அப்படித்தான் இருக்கும். நாங்க புது அரிசியப் பொங்கலுக்குத்தான் வைப்போம்." அதை வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மாமியார் சொன்னதுதான் சரியான பதில். ஒரு ரகத்தைக் கைவிடுவதா, வைத்துக்கொள்வதா என்ற முடிவை இரண்டு பாத்திரம் சோற்றை வைத்து எடுக்கக் கூடாது. அதுவும் அறுத்து இரண்டு மாதம்கூட ஆகாத அரிசியை வைத்து எடுக்கவே கூடாது.

புது அரிசி ஏன் குழைகிறது?

அரிசியில் பெரும்பகுதி மாவுச்சத்து. அந்த மாவுச்சத்தில் இரண்டு வகை உண்டு: அமைலோஸ், அமைலோபெக்டின். அமைலோஸ் குறைவாக உள்ள அரிசி ஒட்டும். 20 முதல் 25 சதவிகிதம் வரை உள்ள அரிசி மெத்தென்றும் ஓரளவு உதிரியாகவும் இருக்கும். 25 சதவிகிதத்துக்கு மேல் போனால் உதிரி உதிரியாக வேகும். ஆனால், ஆறியதும் விறைத்துப் போகும். இது ரகத்தின் குணம். சமைப்பவர் இதை மாற்ற முடியாது.

ஆனால், ரகத்தின் குணத்தை மறைத்துவிடும் அளவுக்கு இன்னொன்று இருக்கிறது. அது அரிசியின் வயது. அறுவடை செய்த புதிதில் அரிசி மணி இளகிய நிலையில் இருக்கும். வேகும்போது மணியில் இருந்து மாவு கரைந்து தண்ணீரில் இறங்கும். அந்த மாவுத் தண்ணீர்தான் பசையாகி மணிகளை ஒன்றோடு ஒன்று ஒட்டவைக்கிறது. நாள் ஆக ஆக, மணிக்குள் இருக்கும் மாவுச்சத்தும் புரதமும் இறுகுகின்றன. பழைய அரிசி அதிகத் தண்ணீரைக் குடிக்கும், நன்றாக உப்பும், மாவைக் கரையவிடாது. ஆகவே, சோறு உதிரியாக நிற்கும். ஆறு மாதம் ஆனால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஓர் ஆண்டு ஆனால் இன்னும் நல்லது.

பாஸ்மதியோடு ஒப்பிட்டதிலும் ஒரு நியாயக் குறைவு இருக்கிறது. பாஸ்மதி இமயமலை அடிவாரத்து மாநிலங்களில் விளையும் நீண்ட மணி ரகம். வேகும்போது அகலத்தைவிட நீளத்தில்தான் அதிகம் வளரும். அதோடு, நல்ல பாஸ்மதியைப் பல மாதங்கள் இருப்பு வைத்துப் பழக்கப்படுத்தித்தான் பையில் அடைக்கிறார்கள். ஆக, அந்த வீட்டில் நடந்தது பாஸ்மதிக்கும் சீரகச் சம்பாவுக்கும் நடந்த போட்டி அல்ல. பழைய அரிசிக்கும் புது அரிசிக்கும் நடந்த போட்டி. திண்டுக்கல், ஆம்பூர் பக்கம் பிரியாணிக்குச் சீரகச் சம்பாவைத்தான் தேடுகிறார்கள். குழைவது அந்த ரகத்தின் குணமாக இருந்தால் பிரியாணி அண்டாவுக்குள் அதற்கு இடம் கிடைத்திருக்குமா?

குழைவு களத்திலும் தொடங்கும்

வயது மட்டும் காரணம் அல்ல. குருணை அதிகம் கலந்த அரிசியும் குழையும். உடைந்த மணியின் உள்பக்கம் திறந்துகிடப்பதால், மாவு சட்டென்று வெளியே வந்துவிடும். வீட்டு அரிசியில் குருணை எவ்வளவு என்று பார்ப்பது எளிது. ஒரு கை அரிசியைத் தட்டில் கொட்டி, கண்ணை ஓட்டித் தேடாமல் கைக்கு வந்த 100 மணிகளை எண்ணிப் பிரிக்க வேண்டும். அதில் எத்தனை உடைந்தவை என்று பார்த்தால் போதும். அதிகம் இருந்தால், சமைக்கும் முன் சல்லடையில் சலித்துக் குருணையைத் தனியே எடுத்துவிடலாம். அது கஞ்சிக்கும் உப்புமாவுக்கும் ஆகும்.

குருணை விழுவதற்கு மில்லை மட்டும் குறை சொல்ல முடியாது. கதிரில் 80 சதவிகிதத்துக்கு மேல் மணிகள் பழுத்து மஞ்சளானதும் அறுத்துவிட வேண்டும். இயந்திரம் கிடைக்கவில்லை என்று பத்து நாள் தள்ளிப்போனால், பகல் வெயிலிலும் இரவுப் பனியிலும் மணி மாறிமாறிக் காய்ந்து நனைந்து, உமிக்குள்ளேயே கீறல் விடும். அறுத்த நெல்லைக் களத்தில் உச்சி வெயிலில் ஒரே நாளில் மொறமொறவென்று காயவைத்தாலும் இதே கதைதான். மெல்லிய பரப்பாகக் கொட்டி, அடிக்கடி கிளறி, கடும் வெயில் நேரத்தில் குவித்து மூடி, இரண்டு மூன்று நாளில் காயவைத்தால் கீறல் குறையும்.

சீரகச் சம்பா உயரமாக வளரும் ரகம். பி.பி.டி.க்குப் போடும் அளவு யூரியாவை இதற்கும் போட்டால் தண்டு வலுவிழந்து, கதிர் பிடிக்கும் நேரத்தில் சாய்ந்துவிடும். சாய்ந்த பயிரில் பால் சரியாகப் பிடிக்காது. மணி முற்றாமல் வெள்ளை வெள்ளையாகப் போய், மில்லில் உடையும். "பயிர் சாயுது" என்று கணவர் சொன்ன குறைக்கும், சோறு குழைவதற்கும் இங்கே ஒரு தொடர்பு இருக்கலாம். கால் ஏக்கருக்குத் தனியாக உரக் கணக்கு வைப்பது நல்லது. தொழுவுரமும் பசுந்தாளும் போட்டிருந்தால் மேலுரமாக யூரியா தேவையே படாமலும் போகலாம். பயிரின் இலை நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

பச்சரிசியாக அரைக்கும்போது மில்லையும் பார்த்துத் தேர்வு செய்ய வேண்டும். பழைய இரும்பு உருளை மில்லில் மெல்லிய மணி அதிகம் உடையும். ரப்பர் உருளை வைத்து உமி நீக்கும் மில்லில் முழு அரிசி கூடுதலாகக் கிடைக்கும்.

இப்போதைக்கு என்ன செய்வது?

பழைய அரிசி ஆகும் வரை மகளைக் காத்திருக்கச் சொல்ல முடியாது. புது அரிசியிலேயே உதிரியாகச் செய்ய ஒரு வழி இருக்கிறது. அது தினமும் செய்கிற வேலைதான்: வடிப்பது. தண்ணீரை அளந்து ஊற்றி, காயோடு அரிசியையும் சேர்த்து வேகவைக்கும்போது, கரைந்த மாவு முழுவதும் பாத்திரத்துக்குள்ளேயே நின்று பசையாகிறது. வடித்தால் அந்த மாவு கஞ்சியோடு வெளியே போய்விடும்.

நிறையத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, உப்புப் போட்டு, கழுவிய அரிசியைப் போட வேண்டும். புது அரிசியை ஊறவைக்கத் தேவையில்லை. மணியை விரலால் நசுக்கினால் நடுவில் ஒரு சிறு புள்ளி மட்டும் வேகாமல் தெரிய வேண்டும். அந்தப் பதத்தில் வடித்து, அகலமான தாம்பாளத்தில் பரப்பி, ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு ஆறவிட வேண்டும். காய் மசாலாவைத் தனியே வதக்கி, தண்ணீர் சுண்டிய பிறகு ஆறிய சோற்றைக் கொட்டி, அடியில் இருந்து மேலாகப் பிரட்டி, மூடிபோட்டு ஐந்து நிமிடம் சிறு தீயில் வைத்தால் முடிந்தது. வடித்த கஞ்சியைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். அரிசியில் உள்ள பி வைட்டமின்களில் ஒரு பகுதி அதில்தான் இறங்கியிருக்கும். உப்பும் மோரும் கலந்து குடிக்கலாம்.

பழைய அரிசியில் செய்யும் முறை

நெல் ஆறு மாதம் தாண்டிய பிறகு, ஒரே பாத்திரத்தில் செய்யலாம். நாலைந்து பேருக்கு அளவு இது:

சீரகச் சம்பா பச்சரிசி 2 டம்ளர் (சுமார் 350 கிராம்), நறுக்கிய காய்கள் 2 டம்ளர், பெரிய வெங்காயம் 1 அல்லது சின்ன வெங்காயம் 15, தக்காளி 1, பச்சை மிளகாய் 3, இஞ்சி பூண்டு விழுது 1 ஸ்பூன், புதினாவும் கொத்தமல்லியும் ஒரு கைப்பிடி, பட்டை விரல்கணு அளவில் 1 துண்டு, கிராம்பு 3, ஏலக்காய் 2, பிரிஞ்சி இலை 1, சோம்பு அரை ஸ்பூன், மஞ்சள்தூள் கால் ஸ்பூன், கடலை எண்ணெய் 3 ஸ்பூன், இருந்தால் நெய் 1 ஸ்பூன், உப்பு தேவைக்கு.

அரிசியை மெதுவாகக் கழுவி, 20 நிமிடம் ஊறவைத்து, தண்ணீரை வடித்துவிட வேண்டும். ஊறிய மணி எளிதில் உடையும் என்பதால் கையால் அழுத்திப் பிசையக் கூடாது. அடி கனமான பாத்திரத்தில் எண்ணெயைக் காயவைத்து, பட்டை, கிராம்பு, ஏலக்காய், இலை, சோம்பு தாளித்து, வெங்காயத்தையும் மிளகாயையும் வதக்க வேண்டும். இஞ்சி பூண்டின் பச்சை வாசம் போனதும் தக்காளி, புதினா, மஞ்சள்தூள் சேர்த்து, எண்ணெய் பிரியும் வரை வதக்கி, காய்களைப் போட்டு இரண்டு நிமிடம் பிரட்ட வேண்டும்.

அடுத்து தண்ணீர். இங்கேதான் பலருக்கும் கை தவறும். மூடிபோட்ட சாதாரணப் பாத்திரம் என்றால், பழைய சீரகச் சம்பா ஒரு டம்ளருக்கு ஒன்றே முக்கால் டம்ளர் தண்ணீர். குக்கர் என்றால், ஆவி வெளியே போவது குறைவு என்பதால், ஒன்றரை டம்ளர் போதும். தண்ணீர் கொதித்ததும் உப்பு போட்டு, ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். சற்றே உப்புக் கரிப்பாக இருந்தால்தான் சோறு வெந்த பிறகு சரியாக இருக்கும். அரிசியைப் போட்டு ஒரே ஒரு முறை கிளறலாம். திரும்பத் திரும்பக் கிளறினால் மணி உடைந்து மாவு வெளியேறும். மீண்டும் கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடி 12 நிமிடம். அடுப்பை அணைத்த பிறகு திறக்காமல் இன்னும் 10 நிமிடம். குக்கரில் ஒரு விசில் வந்ததும் அணைத்து, ஆவி தானாக அடங்கும் வரை விட்டுவிட வேண்டும். பிறகு கரண்டிக் காம்பால் ஓரத்தில் இருந்து கிளறிவிட்டு, மல்லித்தழையும் அரை மூடி எலுமிச்சைச் சாறும் சேர்க்கலாம்.

ஒன்றே முக்கால் என்பது எல்லா வீட்டு அரிசிக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. நெல்லின் வயது, காய்ந்த விதம், தீட்டிய அளவு எல்லாம் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கும். அதனால், புது மூட்டை பிரிக்கும்போது ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது. மூன்று சிறிய கிண்ணங்களில் ஒரே அளவு அரிசி போட்டு, ஒன்றரை, ஒன்றே முக்கால், இரண்டு பங்கு என்று தண்ணீரை மாற்றி ஊற்றி, மூடி, இட்லிப் பானையில் ஒன்றாக வேகவைத்தால் போதும். ஆறிய பிறகு எது உதிரியாகவும் மெத்தென்றும் இருக்கிறதோ, அந்த அளவை அரிசி டின் மூடியில் எழுதி ஒட்டிவிடலாம். அந்த மூட்டை தீரும் வரை அதுதான் கணக்கு. பானைக்கும் குக்கருக்கும் கால் டம்ளர் கூடக்குறைய இருக்கும். அதை முதல் சமையலிலேயே கண்டுகொள்ளலாம்.

கேரட், பீன்ஸ் கட்டாயமா?

கல்யாண வீட்டுச் சோற்றில் கேரட், பீன்ஸ், பட்டாணி பார்த்துப் பழகியதால், அவை இல்லாமல் காய்கறிச் சோறே இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். அவை பெரும்பாலும் மலைப்பகுதியில் இருந்து வரும் காய்கள். டெல்டா கிராமத்தில் அவற்றை விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். கொல்லையில் காய்ப்பதை வைத்தே நல்ல சோறு செய்யலாம். அவரை, கொத்தவரை, காராமணிக் காய், முருங்கைக்காயின் சதை ஆகியவை இந்தச் சோற்றுக்கு நன்றாகப் பொருந்தும். தை, மாசியில் பச்சை மொச்சை கிடைத்தால் பட்டாணியே தேவையில்லை.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பூசணி, சுரைக்காய், சௌசௌ, கத்தரிக்காய் ஆகியவை வேகும்போது தண்ணீர் விடும். அவற்றைச் சேர்த்தால் அளந்த தண்ணீரில் கால் டம்ளர் குறைக்க வேண்டும். அவரை, கொத்தவரை, கேரட்டுக்கு அந்தக் குறைப்பு தேவையில்லை. கடிதம் எழுதிய வாசகி சுரைக்காய் சேர்த்ததாகக் குறிப்பிட்டிருக்கிறார். புது அரிசி, அதோடு சுரைக்காய், அதற்குமேல் இரண்டு பங்குத் தண்ணீர். மூன்றும் சேர்ந்தால் எந்த ரகமும் குழையத்தான் செய்யும்.

நெல் அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு வயல் ஈரத்திலேயே உளுந்து, பச்சைப்பயறு தெளிப்பது டெல்டாவின் வழக்கம். அந்தப் பச்சைப்பயறை முளைகட்டி ஒரு கைப்பிடி இந்தச் சோற்றில் சேர்க்கலாம். அரிசியின் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் பயறில் நிறைய உண்டு; பயறில் குறைவாக உள்ளதை அரிசி ஈடுகட்டும். கடைசியில் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையை உருவிப் போட்டு மூடினால், வளரும் பெண் பிள்ளைக்குத் தேவையான இரும்புச்சத்தும் சேரும். எலுமிச்சைச் சாறு ருசிக்கு மட்டும் அல்ல. கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள அதில் உள்ள வைட்டமின் சி உதவும்.

ஆக, விதையை விடலாமா?

இதுதான் கேள்வியின் கடைசி வரி. கால் ஏக்கரிலும் சீரகச் சம்பா போட்டு விற்பதா என்பது சந்தையைப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு. விளைச்சல் குறைவு என்று கணவர் சொல்வது உண்மை. அதற்கு ஏற்ற விலை கொடுத்து வாங்க ஆள் இல்லை என்றால், விற்பனைக்காகப் போடும் பரப்பைக் குறைப்பதில் தவறில்லை. ஆனால், வீட்டுத் தேவை என்பது வேறு கணக்கு.

வாரம் ஒருமுறை இந்தச் சோறு செய்தால் 350 கிராம் அரிசி. 52 வாரத்துக்கு 18 கிலோ. பச்சரிசியாக அரைக்கும்போது 100 கிலோ நெல்லுக்கு 60 கிலோவுக்குச் சற்று மேல் அரிசி வரும் என்று வைத்துக்கொண்டால், 30 கிலோ நெல் போதும். அதாவது, 60 கிலோ மூட்டையில் பாதி. ஏக்கருக்கு 15 மூட்டைதான் விளையும் என்று மிகவும் குறைத்துக் கணக்கிட்டாலும், ஒரு சென்ட்டுக்கு 9 கிலோ. நான்கு சென்ட் நிலத்தில் ஓர் ஆண்டுக்கு வேண்டிய நெல் வந்துவிடும். விருந்தாளிக்கும் விதைக்கும் சேர்த்து ஐந்து சென்ட் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு ஏக்கர் உள்ள வீட்டில் இந்த ஐந்து சென்ட் ஒரு மூலை. அந்த மூலையை விட்டுவிட்டால், ஓர் ஆண்டில் விதை கையைவிட்டுப் போய்விடும். திரும்பவும் யாரிடமாவது போய்க் கேட்டு நிற்க வேண்டும்.

ஐந்து சென்ட்டுக்கு ஒன்றரைக் கிலோ விதை தாராளம். நெல் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளும் பயிர் என்பதால் கலப்பு குறைவு. ஆனாலும், பக்கத்து ரகத்தில் இருந்து 3 மீட்டர் இடைவெளி விட்டு, நடுப்பகுதியில் விளைந்த கதிர்களை விதைக்கு எடுக்க வேண்டும். பூக்கும் நேரத்திலும் அறுக்கும் முன்பும் வயலைச் சுற்றி வந்து, உயரத்திலோ மணியிலோ வேறுபட்ட பயிரைப் பிடுங்கிவிட வேண்டும்.

இருப்பு வைப்பதை அரிசியாக அல்லாமல் நெல்லாகவே வைப்பது நல்லது. உமி இருக்கும் வரை வண்டும் அந்துப்பூச்சியும் அவ்வளவு எளிதில் நுழையாது. ஈரப்பதம் 12 சதவிகிதம் அளவுக்கு வரும் வரை காயவைக்க வேண்டும். கருவி இல்லாத வீட்டில், மணியைக் கடித்தால் 'டக்'கென்று உடைவதுதான் பதம். மூட்டையைத் தரையில் வைக்காமல் மரப்பலகைமேல், சுவரில் இருந்து ஓர் அடி தள்ளி அடுக்கலாம். காய்ந்த நொச்சி இலை, வேப்பிலை போட்டுவைப்பது பழைய பழக்கம். அதோடு மாதம் ஒருமுறை மூட்டையைப் பிரித்துக் கைவிட்டுப் பார்ப்பதும் அவசியம். கை சூடாக உணர்ந்தால் உடனே கொட்டி உலர்த்த வேண்டும்.

இந்த வீட்டுக்கு நாள்கணக்கும் சாதகமாகவே இருக்கிறது. தை கடைசியில் அறுத்த நெல்லுக்கு ஆடி கடைசியில் ஆறு மாதம் நிறையும். சம்பா நாற்றங்காலுக்கு விதை எடுப்பதும் அதை ஒட்டித்தான். ஆடிப்பெருக்கு முடிந்ததும் நான்கு படி நெல்லை அரைத்து, மேலே சொன்ன அளவில் ஒருமுறை சமைத்துப் பார்க்கலாம். கணவர், மகள், மாமியார் மூவரும் சாப்பிட்ட பிறகு விதை முடிவை எடுக்கட்டும். அதுவரை விதைக்கென்று வைத்திருக்கும் நெல்லை மில்லுக்குக் கொடுத்துவிட வேண்டாம்.

மேலும் சில கேள்விகள்

புழுங்கல் அரிசியில் காய்கறிச் சோறு செய்யலாமா?

செய்யலாம். நெல்லை அவிக்கும்போதே மணிக்குள் மாவு ஒருமுறை வெந்து இறுகிவிடுவதால், புழுங்கல் அரிசி எளிதில் குழையாது. தவிட்டில் உள்ள பி வைட்டமின்களில் ஒரு பகுதியும் மணிக்குள் இறங்கியிருக்கும். ஆனால், வேக நேரம் ஆகும். அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு டம்ளருக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர் வைக்க வேண்டும். காய் கரைந்துபோகாமல் இருக்க, சற்றுப் பெரிதாக நறுக்கிக்கொள்ளலாம்.

இரவு மீந்த காய்கறிச் சோற்றைக் காலையில் சூடாக்கி டிபன் பாக்ஸில் கொடுக்கலாமா?

வேண்டாம். அரிசியில் இயல்பாகவே இருக்கும் ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. வெளியில் வைத்த சோற்றில் அவை பெருகி நச்சை உண்டாக்கும். அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் வருவதற்கு இது ஒரு காரணம். டிபன் பாக்ஸுக்குக் காலையில் புதிதாகச் செய்து, பள்ளிக்குக் கிளம்பும் நேரத்துக்கு நெருக்கமாக அடுப்பில் இருந்து இறக்க வேண்டும். ஆவி அடங்கிய பிறகு, கழுவித் துடைத்துக் காய்ந்த பாத்திரத்தில் வைக்கலாம். தேங்காய்ப் பால் சேர்த்த சோறு விரைவில் கெடும். அதை வீட்டில் சூடாகச் சாப்பிடுவதே நல்லது.

விற்பனைக்குப் போட்ட கத்தரி, அவரைத் தோட்டத்தில் இருந்தே வீட்டுக்கும் காய் பறிக்கிறோம். மருந்து அடித்தால் எத்தனை நாள் பொறுக்க வேண்டும்?

ஒவ்வொரு மருந்துக்கும் பயிருக்கும் காத்திருக்க வேண்டிய நாள் வேறு. அது மருந்து டப்பாவின் லேபிளிலும் உள்ளே இருக்கும் துண்டுத் தாளிலும் இருக்கும். அந்த நாள் முடியும் வரை வீட்டுக்கும் பறிக்கக் கூடாது, சந்தைக்கும் பறிக்கக் கூடாது. உப்பு, புளி கரைத்த தண்ணீரில் கழுவினால் தோலின் மேல் உள்ளது ஓரளவு போகும். செடிக்குள் ஊடுருவிய மருந்து கழுவினாலும் போகாது. வீட்டுத் தேவைக்குக் கொல்லையில் நான்கு கத்தரி, இரண்டு அவரைக் கொடி, ஒரு முருங்கை தனியாக வைத்து, அவற்றில் மருந்தே அடிக்காமல் இருப்பதுதான் எளிய வழி.

சொந்த நெல்லில் காய்கறிச் சோறு செய்து பார்த்த வாசகர்கள், ரகத்தின் பெயர், நெல்லின் வயது, ஊற்றிய தண்ணீர் அளவு ஆகிய மூன்றையும் குறிப்பிட்டு எழுதலாம். மற்ற குடும்பங்களுக்குப் பயன்படும்.